எத்தனை பேருக்கு?

விடுதிக்குப் போன முதல் நாள் மாலையே எனக்குத் தலை வலித்தது. என்னோடு அதே அறையில் தங்க வந்திருந்த பெண்ணை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். ஒல்லியாக, நெற்றியோரம் எண்ணெய் மினுங்க, தன் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "தலை வலிக்குது, உன்கிட்ட மாத்திரை ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன். அவள் மாத்திரை தேடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த வராண்டாவுல எத்தனை பேருக்கு வலிக்குது?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கால்மணி நேரம் கழித்து வந்து, "ஏழு பேருக்கு. ஏழு பேரும் புதுசா பெயிண்ட் அடிச்ச ரூமு. ஜன்னலத் தொறந்து வையி புள்ள" என்றாள். திறந்து வைத்தோம். வலி போய்விட்டது. மாத்திரை கேட்டவளுக்கு மாத்திரை தரவில்லையே என்ற கோபம் மட்டும் இரண்டு நாள் இருந்தது.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்றைக்காவது கண்ணில் பட்டு, "இத எத்தனை பேரு படிச்சாங்க?" என்று கேட்பாள். என்னிடம் பதில் இருக்காது.

நாங்கள் சேர்ந்தது பப்ளிக் ஹெல்த் பட்டப்படிப்பு, அதில் சிறப்புப் பாடம் குளோபல் ஹெல்த். நான் சேர்ந்த காரணம் எளிமையானது, மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். கல்யாணங்களில் மாமன்மார் யாராவது, "என்ன படிக்கிற கண்ணு?" என்று கேட்டால், "ஹெல்த் சைடுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன். அவள் மட்டும் விரும்பிச் சேர்ந்தாள். எப்படி விரும்பினாள் என்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் இருந்த அம்மாவிடம் ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறாள். குளோபல் ஹெல்த்துக்கு அதுவரை மூன்று பேர். "அப்ப இதுல போடுங்க. மத்தவங்க யாரும் வராத எடத்துல என்னமோ இருக்குமுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. அவளுடைய சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அப்பா தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு தென்னை நார் மில்லுக்கு மாறியவர். இதற்கு மேல் வீட்டைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஊரிலிருக்கும் மற்ற எல்லாரைப் பற்றியும் பேசுவாள்.

எண்ணும்போது கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ஒரு கையில் பன்னிரண்டு வரும். பஸ்ஸில் நின்றுகொண்டு இருமுகிறவர்களை எண்ணுவாள். கோயிலில் கண்மூடிக் கும்பிடும்போதும் கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு தடவை என்ன எண்ணுகிறாய் என்று கேட்டேன். "மொழங்காலப் புடிச்சுட்டு படியேறுறவீங்கள" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படி என்றதற்கு, "அப்பா, அம்மான்னு சத்தம் வருதல்ல" என்றாள்.

காமர்ஸ் படிக்கும் சீனியர் ஒருவன் அவளை விரும்பினான். கேன்டீன் வாசலில் நிறுத்தி, என் காதுபடவே, "உன்ன நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்றான். அவள் முகத்தில் உண்மையான அக்கறை வந்தது.

"எத்தனை நாளாங்க?"

"மூணு வாரமா."

"உங்க ரூம்ல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

அவன் கொஞ்சம் யோசித்து, இருக்கிறது, நாலு பேரும் தூங்குவதில்லை என்று ஒத்துக்கொண்டான். அப்படியானால் அது தன்னால் அல்ல என்றும், போனை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்துப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து வந்து, இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். பாவம், அத்தோடு அவன் வரவேயில்லை.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது, விடுதியில் வயிற்றுப்போக்கு வரும் வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போட்டார்கள். திங்கட்கிழமை காலை கழிவறை வாசலில் வரிசை நின்றது. வார்டன் நேராகச் சமையல் மாஸ்டரிடம் போய், கெட்டுப்போன கறியைப் போட்டுவிட்டாய், கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் சென்னிமலைக்காரர். வயதான மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, பாத்திரங்களைப் பார்த்தபடி நின்றார்.

அவளுக்கும் வயிற்றுப்போக்குதான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நோட்டோடு அறை அறையாகப் போனாள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தண்ணீர் பிடித்தீர்கள். இடையிடையே ஓடிப்போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கேட்டாள். பகல் பன்னிரண்டு மணிக்கு வார்டன் முன்னால் போய் நின்றாள்.

"பிரியாணி சாப்புடாத சைவக்காரப் புள்ளைங்களுக்கும் போகுதுங்க. பிரியாணி சாப்புட்ட கீழ் மாடிக்காரங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. போறவீங்க அல்லாரும் ரெண்டாவது மாடிக் கூலர்ல தண்ணி புடிச்சவீங்க."

கூலரின் மேல்மூடியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு பல்லி செத்து ஊறிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியையும் கழுவிப் பல மாதம் ஆகியிருந்தது. மாஸ்டர் மடித்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவள் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் விழும். அதற்கும் அவள், "அல்லாத்துக்கும் ரெண்டு போடுவீங்களாண்ணா?" என்று கேட்டுவைக்க, அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் துறைத்தலைவி கண்டிப்பானவர். குளோபல் என்றதும் நாங்கள் தூரத்து நாடுகளைப் பற்றி எழுதுவோம். பெயர் வாயில் நுழையாத காய்ச்சல்களைப் பற்றி அழகாகப் படம் போட்டுக் காட்டுவோம். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசி வருட ஆய்வுக்கு ஒவ்வொருவரும் நடந்துபோகக்கூடிய தூரத்தில் ஒரு விஷயத்தை எடுக்க வேண்டும் என்றார். இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார். நானும் அவளும் சேர்ந்தோம். அந்த வாரம்தான் அவளை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். கூட்டிப்போயிருக்கக்கூடாது என்று பிறகு கொஞ்சநாள் நினைத்தேன்.

எங்கள் வீடு கணபதி என்ற பகுதியில். வீட்டுக்கு அடுத்தே அப்பாவின் பட்டறை. மோட்டாருக்கான தகடுகளை அடித்து வெட்டும் பவர் பிரஸ்கள் மூன்று ஓடும். எங்கள் வீதியில் பட்டறை இல்லாத வீடு குறைவு. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்கு அது சத்தமாகவே தெரியாது. பட்டறைக்கு விடுமுறை விடுகிற நாளில்தான் காதுக்குள் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அப்பா கோபக்காரர். இதை நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. எது சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். அம்மா ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். அதனால் அம்மா அவரிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டார். தேவையானதை என்னிடம் சொல்வார், நான் அப்பாவிடம் சொல்வேன். நான் விடுதிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

அன்றைக்கு அப்பா, "நல்லா சாப்புடு அம்மணி" என்று அவளிடம் கத்தினார். நான் கூசிப்போனேன். அவள் கூசவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில், அவர் பக்கம் திரும்பாமல், தட்டைப் பார்த்தபடி மெதுவாக, "கொழம்பு நல்லாருக்குதுங்க மாமா" என்றாள். அவர் பேசாமல் சாப்பிட்டார். நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, அதே சத்தத்தில் மறுபடி சொன்னாள். "ஆமா, உங்கத்தை வெப்பா" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள்:

"இந்த வீதியில எத்தனை பேரு இப்புடிச் சத்தமாப் பேசறாங்க?"

அடுத்த நாள் பதினோரு மணிக்கு, பட்டறைக்காரர்கள் டீ குடிக்க வரும் நேரத்தில், முனையிலிருக்கும் பேக்கரிக்குப் போனோம். எதற்கு என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. எல்லாரும் வெளியே பார்த்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் நின்று, வீட்டில் பேசுகிற குரலில், "தேங்காய் பன்னு இன்னைக்கு சும்மா தர்றாங்களாமுங்க" என்றாள்.

இளவட்டங்கள் சிலர் சட்டென்று திரும்பினார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை. அப்பாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். தேங்காய் பன்னுக்காக உயிரை விடுகிறவர். வீதியைப் பார்த்துக்கொண்டு நிதானமாக டீயை ஊதினார். அவள் கட்டைவிரல் விரல்கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது.

திரும்பியவர்களுக்கெல்லாம் பன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளோடு சண்டை போட்டேன். மூன்று வருடத்தில் அந்த ஒரு சண்டைதான்.

"எங்கப்பா உனக்கு ஒரு நம்பரா?"

"நம்பரானாத்தான் புள்ள தப்பிப்பாரு. ஒருத்தருக்குன்னா அது அவரு விதின்னு விட்டுருவாங்க. வீதிக்கே இருந்துச்சுன்னா அது மிசினுன்னு தெரிஞ்சுபோயிருமல்ல."

நான் வேறு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அன்று மாலை மேடம் என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டார். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல யாருகிட்டயாவது அனுமதி கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. "ஒருத்தர் ஒடம்பு அவரோடது. அவருக்குத் தெரியாம அதச் சோதிக்க உனக்கு யாரு உரிமை குடுத்தது? கிழிச்சுப் போடு."

கிழித்தாள். மறுநாள் காலை பேக்கரிக்குப் போய், ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, நேற்று உங்களை ஏமாற்றிச் சோதித்துப்போட்டேன், தப்புதானுங்க என்று சத்தமாகச் சொன்னாள். ஒருவர் சிரித்தார். ஒருவர், "எந்த ஆபீசரு அனுப்பிச்சாரு உன்னய?" என்று விரட்டினார். சும்மா பன் கிடைக்காமல் போனதே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு.

அப்பா கடைசியாக நின்றார். அவள் சொல்லி முடித்ததும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானுந் திரும்பலீங்களா அம்மணி?"

"இல்லீங்க மாமா."

கொஞ்சநேரம் வீதியைப் பார்த்தார். பிறகு வழக்கமான கத்தல் இல்லாமல், "பிரஸ்காரனுக்குக் காது போறது எல்லாருக்குந் தெரியும். வெளிய சொன்னா பட்டறைக்கு ஆள் வரமாட்டான், எதுக்கு வம்புன்னு இருக்கறோம்" என்றார். போகும்போது, "எங்க வந்து பாக்கோணும்னு சொல்லு. நான் வாரேன். நான் வந்தா நாலு பேரு வருவாங்க" என்றார்.

நாலு பேருக்கும் மேலேயே வந்தார்கள். முறைப்படி அனுமதித் தாளில் கையெழுத்து வாங்கி, எங்கள் கல்லூரியின் அமைதியான அறை ஒன்றில் காது டாக்டர் ஒருவர் ஒவ்வொருவராகச் சோதித்தார். அப்பாவுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மெல்லிய ஒலிகள், அதுவும் பெண்குரல், ஏறக்குறைய இல்லை. பல வருடமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் விளக்கினேன். அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தாளில் இருந்ததெல்லாம் கீழே இறங்கிப் போகும் இரண்டு கோடுகள்தான். பிறகு அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"அப்ப இத்தன வருசமா நீங்க எம்மேல கோவமா இல்லீங்களா?"

"நா எதுக்கு கோவப்படறேன்?" என்றார் அப்பா. "நீதான் பேசறத நிறுத்திப்போட்ட."

நான் பட்டறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்பா காதில் மெஷின் மாட்டிக்கொண்ட முதல் வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைத் தனியாகவே எழுதலாம். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அம்மா இத்தனை வருடம் அடுப்படியில் நின்று அவரையும் அவர் தங்கைகளையும் பற்றி முணுமுணுத்து வந்த வழக்கம் ஒரே நாளில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது இல்லாமயே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். ஆனால் மறுநாள் மாட்டிக்கொண்டார். பிரஸ்களுக்கு அடியில் கனமான ரப்பர் வைத்தார். வேலைக்கு வருகிறவர்கள் காதை மூடும் கவசம் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்றார். எங்கள் வீதியில் இன்னும் சில பட்டறைகளும் அப்படிச் செய்தன. எல்லாரும் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

பட்டமளிப்பு நாளுக்கு அவளுடைய அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, புதுச் செருப்பு. அவளைப் போலவே ஒல்லி. மண்டபத்துக்குள் உட்காராமல் வாசல் மரத்தடியில் நின்று இருமிக்கொண்டிருந்தார். என் அப்பா அவரிடம் போய் அறிமுகம் செய்துகொண்டார். நானும் கூட இருந்தேன். பேச்சுக்கு நடுவில் அவர் தயங்கிக் கேட்டார்:

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. என்ற புள்ள என்னதானுங்க படிச்சுது? ஊர்ல டாக்டருக்குப் படிக்குதுன்னு சொல்லிவெச்சுட்டேன். அதுவா ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்குதுங்க."

நான் வாயைத் திறந்தேன். மூன்று வருடம் படித்தும் எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அப்பாதான் சொன்னார்.

"பேரு எனக்குந் தெரியாதுங்க. ஊசியெல்லாம் போடாது. ஆனா எங்க வீதியே செவுடா இருந்துச்சுங்க, எங்களுக்கே தெரியாம. உங்க பொண்ணு வந்துதான் சொல்லுச்சு. இப்ப எம் பொண்டாட்டி பேசறது எனக்குக் கேக்குதுங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நார் மில்லுல பூரா தூசிங்க. நாங்க அல்லாரும் இருமறோம். என்ற புள்ள எங்க ஊட்டுலயேதான் இருந்துச்சு, ஒருக்காக் கூட கேக்கலீங்களே" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்று அறையைக் காலி செய்யும்போது அவளிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"அங்க எண்ண வராது புள்ள. எத்தனை பேருக்குன்னு நெனப்பேன். ஒருத்தர் மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிவாரு."

பஸ்ஸில் இருமுகிறவர்களை எண்ணிக்கொண்டு நின்றவள்தான். அவளுக்குச் சென்னையில் நல்ல இடத்தில் வேலை கிடைத்திருந்தது, ஒரு மாதத்தில் சேர வேண்டும். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் மகளும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் வழியே அவள் கையை ஆட்டினாள், அவர் இருமலை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

ஆறு வாரம் கழித்து போன் வந்தது. சென்னை வேலையைத் தள்ளிப்போட்டிருந்தாள். மில் முதலாளி உள்ளே விடவில்லையாம். சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வர விரும்புகிறவர்களிடம் மட்டும் அனுமதி வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறாளாம். மேடத்துக்கும் தகவல் சொல்லிவிட்டாளாம். நெஞ்சு டாக்டர் ஒருவர் அடுத்த வாரம் வருகிறாராம்.

"முதல்ல யாரு வந்தாங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பாதான் வந்தாரு. வரிசையில நின்னு வந்தாரு புள்ள. ஊட்டுல கேட்டா, ஒண்ணுமில்ல போ கண்ணுன்னுதான் சொல்லுவாரு. அங்க வந்து கையக் கட்டிட்டு எதுக்க உக்காந்துட்டாரு. எத்தனை வருசமா இருமல்னு நான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பத்து வருசமா இருக்குதுங்கன்னு சொன்னாரு. எனக்கு ங்க போட்டுச் சொன்னாரு புள்ள."